தண்ணீர் ஊற்றும் ஆளைத் தேடி, பிறகு கன்றை நட்டோம்

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் மரம் நடாத பாடசாலையோ சங்கமோ இல்லை என்று சொல்லிவிடலாம். வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் அந்த மாதம் மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்த பின்னரும் வழக்கம் நின்றுவிடவில்லை. காலத்தைப் பொறுத்தவரை அது சரியான தேர்வு. எங்கள் ஆண்டு மழையில் பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. ஆனால் அந்த மழையில் வேர்பிடித்த கன்று, வைகாசியில் எழும் சோளகக் காற்றையும் அதனோடு புரட்டாதி வரை நீளும் வறட்சியையும் இரண்டு மூன்று ஆண்டுகள் தாண்டினால்தான் தன்னுடைய வேரை நம்பி நிற்கத் தொடங்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, கிணற்றை மட்டுமே நம்பியிருக்கிற ஒரு குடாநாட்டில் அத்தனை மாதங்களும் ஒரு மனிதர் வாளியோடு வந்தாக வேண்டும்.

அரியாலைப் பக்கமாக உள்ள சில ஒழுங்கைகளில், ஒரு சனசமூக நிலையத்தை மையமாகக் கொண்டு நகர மரவளர்ப்பு வேலையை ஒழுங்குசெய்தபோது இதையே முதல் நிபந்தனையாக வைத்தோம். கன்று வைப்பதற்குரிய இடங்களைக் குறித்துவிட்டு ஆள் தேடுவதற்குப் பதிலாக, தண்ணீர் ஊற்றச் சம்மதிக்கும் வீட்டை முதலில் கண்டுபிடித்து, அந்த வீட்டின் படலைக்கு அருகில் எந்த மரம் எங்கே நிற்கலாம் என்று பார்த்தோம். சம்மதம் கிடைக்காத இடத்தில், அது எவ்வளவு வெயில் கொளுத்தும் இடமாக இருந்தாலும், அந்த ஆண்டு கன்று வைக்கவில்லை. வரைபடத்தில் பார்த்தால் எங்கள் மரங்கள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். வரிசை நேராக வரவில்லையே என்று சிலர் குறைப்பட்டதும் உண்டு. வரிசையை விட உயிர் பெரிது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

சம்மதம் கேட்டுப் படலை படலையாகப் போவது இந்த வேலையின் மிக நீண்ட பகுதி. அதைச் சுருக்க முயலக் கூடாது. ஒரு வீட்டு வாசலில் முதிய அம்மா ஒருவர் ஈர்க்கு விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே எங்கள் விளக்கத்தை முழுவதும் கேட்டார். பிறகு, “தம்பி, மரத்தை வைச்சுப்போட்டு நீங்கள் போயிடுவியள். சருகு கூட்டுறது ஆர்?” என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. விடிந்ததும் முற்றத்தையும் படலைக்கு வெளியே ஒழுங்கையையும் கூட்டி முடித்துத்தான் அடுத்த வேலை என்று வாழ்பவர்களுக்கு, வேம்பு மாசி பங்குனியில் ஒரேயடியாக இலை கொட்டுவது உண்மையான சுமை. அவருக்கு வேம்பின் நன்மைகளை எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரங்கள் எவை என்று பேசினோம். அவர் மகிழ மரத்தைத் தெரிந்தெடுத்தார். மெதுவாக வளரும் மரம் அது. ஆனால் தானே தெரிந்தெடுத்த மரம் என்பதால் அரிசி களைந்த தண்ணீர் வரை அதற்குத்தான் போகிறது.

இந்தச் சந்திப்புக்குப் பிறகு, மர இனத்தை வீட்டுக்காரரே தெரிவுசெய்வது எங்கள் வழக்கமாயிற்று. ஆனால் எல்லா மரங்களையும் முன்னால் வைத்து விரும்பியதை எடுங்கள் என்று விடுவதில்லை. மின்கம்பி மேலே போகும் பக்கமா, மண் எப்படி, கிணற்றுத் தண்ணீர் நல்லதா உவரா என்பவற்றைப் பார்த்து, அந்த இடத்துக்குப் பொருந்தும் மூன்று நான்கு இனங்களைச் சொல்லி, அவற்றில் ஒன்றைக் கேட்கிறோம். கம்பிக்குக் கீழே மாதுளை, கறிவேப்பிலை, செம்பரத்தை போன்ற உயரம் குறைந்தவையே பொருத்தம். அங்கே மருதையோ நாவலையோ வைத்தால், கம்பியோரம் கிளை தறிக்க வருபவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்வார்கள். மரம் பாதித் தலையோடு நிற்கும். கொழும்புத்துறை போன்று கடலை அண்டிய, உவர் ஏறிய இடங்களுக்குப் பூவரசு, புங்கை, புன்னை ஆகிய மூன்றும் நம்பிக்கையானவை.

எல்லோரும் வேம்பையே கேட்கும்போது மறுப்பது கடினம். நகர மரங்களில் ஒரே இனம் பத்து வீதத்தையும், ஒரே பேரினம் இருபது வீதத்தையும், ஒரே குடும்பம் முப்பது வீதத்தையும் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சான்டமர் 1990இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு நோயோ பூச்சியோ வந்தால் வீதி முழுவதும் ஒருசேர மொட்டையாகாமல் இருப்பதற்கான காப்பு அது. எங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது குடும்பக் கணக்கு. வேம்பு, மலைவேம்பு, மகோகனி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாற்றுமேடைகளில் எளிதில் கிடைப்பவையும் பெரும்பாலும் இவைதான். மூன்று வகை மரம் நட்டோம் என்று மகிழும் ஒரு வீதி உண்மையில் ஒரே குடும்பத்தை நட்டிருக்கும். ஆகவே நாவல், இலுப்பை, மருது, புங்கை, கொன்றை ஆகியவற்றுக்கு எங்கள் சொந்த நாற்றுமேடையைச் சனசமூக நிலையத்தின் கோடியில் அமைத்துக்கொண்டோம்.

நாற்றுமேடை வேலையில் விதையின் வயதுதான் முதல் பாடம். வேப்பம் விதையும் இலுப்பை விதையும் முளைக்கும் திறனை விரைவாக இழப்பவை; ஆனி ஆடியில் பழம் விழும்போதே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அந்தக் கிழமையே விதைக்க வேண்டும். கொன்றை விதைக்கு மேல்தோல் கடினம். ஓரத்தில் சிறிது உராய்ந்துவிட்டு ஊறவைத்தால் முளைக்கும். பனையைப் பையில் வளர்த்து நடும் எண்ணமே வேண்டாம். அதன் முதல் முளை நிலத்துக்குள் ஆழமாக இறங்கிய பின்னர்தான் இலை மேலே வரும். ஆகவே பனங்கொட்டையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே புதைப்பதுதான் வழி. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளை எண்ணி மனம் கொதிக்கிற பலர், நகரத்துக்குள் பனைக்கு இடம் இல்லை என்று நினைக்கிறார்கள். கோயில் வீதிகளின் வெளி ஓரங்களிலும், மைதானங்களின் எல்லைகளிலும், குளக்கரைகளிலும் இடம் இருக்கிறது.

பையில் வளர்ந்த கன்றை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். அன்பளிப்பாகக் கிடைத்த உயரமான நாவல் கன்று ஒன்றின் பொலித்தீனைக் கிழித்தபோது, வேர் பையின் அடியில் வட்டம் வட்டமாகச் சுற்றி, பெருவிரல் தடிப்பில் ஒரு வளையமாக இறுகியிருந்தது. அதை அப்படியே நட்டால் வேர் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். மரம் சில ஆண்டுகள் செழித்துவிட்டுப் பிறகு ஒரு வாடைக்காற்றில் அடியோடு சாயும். சுற்றிய வேரைக் கூரான கத்தியால் பக்கவாட்டில் கீறி, அடியில் இருந்த வளையத்தை முற்றாக வெட்டி எடுத்து, மிஞ்சியதை வெளிப்புறமாக விரித்து நட்டோம். அன்று கூடி நின்றவர்கள் கன்று செத்துவிடும் என்றே எண்ணினார்கள். வேர் வெட்டிய கன்றுக்கு முதல் மாதம் நிழலும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். அவற்றைக் கொடுத்தால் அது மீளும். பொதுவாக முழங்கால் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட, தண்டு தடித்த கன்றே வாங்கத் தகுந்தது.

குழி வெட்டுவதைப் பற்றி வெளியூர்க் கையேடுகள் சொல்வது எங்கள் நிலத்துக்குப் பாதிதான் பொருந்தும். கோண்டாவில், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் மண்வெட்டி இறங்கும். நகரத்தின் ஒழுங்கையோரங்களிலோ, மேலே வீதிக்குப் போட்டு இறுக்கிய மக்கிச் சரளை, அதற்குக் கீழே சிறிது மண், அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் என்பது எங்கள் குறைந்தபட்ச அளவு. ஆழத்தை விட, அடியிலுள்ள கல்லை அலவாங்கால் குத்தி வெடிப்புத் திறப்பது முக்கியம். குழியை நீரால் நிரப்பிவிட்டு அடுத்த நாள் காலை பார்க்க வேண்டும். நீர் தேங்கியிருந்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும் என்று பொருள், மீண்டும் அலவாங்கு எடுக்க வேண்டும். வெட்டிய மக்கியைத் திரும்பக் குழிக்குள் தள்ளாமல், நல்ல மண்ணையும் மட்கிய மாட்டெருவையும் கலந்து நிரப்புவோம். அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் கோடையில் ஈரம் காக்கும்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். சில கன்றுகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலர் மேலும் ஊற்றுவார்கள். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் சுண்ணாம்பின் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாமல் நிற்பதே பெரும்பாலும் காரணம். மட்கிய எருவும் சருகு மூடலும் காலப்போக்கில் இதைத் தணிக்கின்றன. மீளாத இனத்தை அந்த ஒழுங்கையில் திரும்ப நடுவதில்லை.

தண்ணீருக்கு நாங்கள் கண்ட வழிகளில் மிகவும் பயன் தந்தது கிணற்றடித் தண்ணீர். முன்பு கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகும். இப்போது பல வளவுகளில் அது சீமெந்துக் காணுக்குள் போய் வீணாகிறது. மதிலின் அடியில் ஒரு துளையிட்டு, சிறு குழாய் ஒன்றைச் செருகி, குளித்த தண்ணீரை வெளியே உள்ள மரத்தின் பாத்திக்குத் திருப்பிவிட்டால், வாளி தூக்கும் வேலையே இல்லாமல் மரம் நாள்தோறும் ஈரம் பெறும். வெளுப்பு மருந்து கலந்த துணி துவைத்த தண்ணீரை மட்டும் இதில் விடக் கூடாது. குழாய் வைக்க முடியாத வீடுகளில், வாய் குறுகிய மண்முட்டியைக் கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைக்கச் சொன்னோம். நீர் சுவரில் ஊறிக் கசிந்து வேரை அடைகிறது. நாளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் தெளிப்பதை விட, கிழமைக்கு இரண்டு முறை பத்து லீற்றர் வீதம் ஆழமாக ஊற்றுவது மேல். மேல் ஈரத்தைத் தேடி வேர் மேலேயே படர்ந்துவிட்டால் சோளகத்தில் அது தாங்காது.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் எங்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தன. சில ஒழுங்கைகளில் அடுத்தடுத்து அத்தகைய வளவுகள் வருகின்றன. அங்கே ஊற்ற ஆளும் இல்லை, திறந்த கிணறும் இல்லை. அப்படியான இடங்களுக்கு மட்டும் உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி ஏற்றி ஊற்றுவதற்குப் பணம் ஒதுக்கினோம். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் நிதி இங்கேதான் உண்மையாக உதவுகிறது. கன்று வாங்கவும், பெயர்ப்பலகை போடவும், நடும் நாளைப் படம் எடுக்கவும் பணம் தரப் பலர் முன்வருவார்கள். கன்றைக் காக்கும் கூட்டுக்கும் மூன்று கோடைகளின் தண்ணீருக்கும் தருபவர் குறைவு. ஆகவே ஒரு கன்றுக்கு நிதி கேட்கும்போது நடுகைச் செலவையும் மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் பிரிக்காமல் ஒரே தொகையாகவே கேட்கிறோம். பாதியை மட்டும் தர விரும்புபவரிடம் நன்றி சொல்லி, கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம்.

பாடசாலைகளோடு வேலை செய்பவர்கள் ஆவணி விடுமுறையை நினைவில் வைக்க வேண்டும். மாணவர்கள் அன்போடு நட்டு, பெயர் வைத்து, தவணை முழுவதும் தண்ணீர் ஊற்றிய கன்று, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் பாடசாலை பூட்டியிருப்பதால் வாடுகிறது. மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் வீட்டாரையோ காவலாளியையோ விடுமுறைக்கு முன்பே எழுத்தில் பொறுப்பேற்கச் செய்வது அதிபரின் கடிதம் ஒன்றால் முடியும் காரியம்.

ஆடும் கட்டாக்காலி மாடும் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை. இரும்புக் கூடு அழகாக இருக்கும், விலை அதிகம், சில நாட்களில் காணாமலும் போகும். பனைமட்டையை வட்டமாக நட்டு, வரிச்சுப் பிடித்துக் கட்டிய கூடு இரண்டு ஆண்டு நின்றது. அதை யாரும் எடுத்துச் செல்வதில்லை. பூவரசுக்குக் கன்றே தேவையில்லை: ஆளுயரத்துக்கு மேற்பட்ட தடித்த போத்தை வெட்டி, மழை தொடங்கும்போது வேலிக்குக் கதியால் போடுவதுபோல் ஊன்றினால் தழைக்கும், ஆட்டின் வாய்க்கும் எட்டாது. ஆட்டுக்குக் குழை வெட்டுபவர்களிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. அவர்களுக்கும் குழை வேண்டும். வேலியோரங்களில் சீமைக்கிளுவையும் முள்முருக்கும் போட்டு, அதை அவர்கள் வெட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்த ஒழுங்கைகளில் எங்கள் மரங்களின் கிளை முறியவில்லை. கிளுவை வேலிகள் போய் மதில்கள் வந்ததில் நகரம் இழந்த பசுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழைக்காரர்கள்தான் அதை முதலில் உணர்ந்தவர்கள்.

அனுமதி இல்லாமல் வீதியோரத்தில் ஒரு கன்றும் வைக்கக் கூடாது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழும், சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்தின் கீழும், உள் ஒழுங்கைகள் மாநகர சபையின் கீழும் வருகின்றன. எந்த வீதி யாருடையது என்று அறிந்து, வீதிக்கென ஒதுக்கிய நிலம் எந்த இடம் வரை போகிறது என்று கேட்டு, எதிர்கால அகலிப்புக் கோட்டுக்கு வெளியே நட வேண்டும். 2009க்குப் பிந்திய வீதி அகலிப்புகளில் நிழல் மரங்கள் வீழ்ந்ததைப் பார்த்த எவருக்கும் இதன் அவசியம் புரியும். வளவுக்குள் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் வீடு வீடாகச் சொன்னோம். காணி கைமாறும்போது பலருக்கு இது தெரிவதில்லை. நகரத்தின் நிழலில் பெரும் பகுதி வீதியில் இல்லை, வளவுகளில்தான் இருக்கிறது. ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறியாமல் காப்பது பல கன்றுகளை நடுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

பதிவேடு ஒரு சாதாரண சி. ஆர். கொப்பியில் இருக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் அருகிலுள்ள மின்கம்பத்தின் இலக்கம்தான் முகவரி. இனம், விதை எங்கிருந்து வந்தது, நட்ட மாதம், தண்ணீர் ஊற்றுபவர் யார், கடைசியாகப் பார்த்தபோது நிலை என்ன என்பவற்றை எழுதுகிறோம். ஆண்டுக்கு இருமுறை, மழை ஓய்ந்த தையிலும் வறட்சி முடியும் புரட்டாதியிலும், சனசமூக நிலையத்து இளைஞர்களும் மாதர் சங்கத்தினரும் சேர்ந்து ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து பார்க்கிறார்கள். பட்ட கன்றின் காரணம் கட்டாயம் எழுதப்படும்: தண்ணீரா, ஆடா, கறையானா, அடியில் குப்பை எரித்ததா. குப்பை எரித்த சூட்டில் ஒரு பக்கப் பட்டை வெந்து போன மரங்கள் வெளியில் நலமாகத் தெரிந்தாலும் உள்ளே சூத்தை விழுகிறது. ஆகவே எந்தக் காரணத்தை விடவும் இதைப் பற்றித்தான் கூட்டங்களில் அதிகம் பேசுகிறோம்.

மூன்றாம் ஆண்டிலிருந்து கத்தரிப்பு தொடங்க வேண்டும், அதைக் கற்றவர் ஒருவராவது ஒழுங்கையில் இருக்க வேண்டும். தடித்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால் அது முறிந்து விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் அரைவாசி அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியாக மிஞ்சிய குற்றியைக் கிளை தொடங்கும் தடித்த வளையத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அந்த வளையத்தை விட்டு வைத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். தாரோ நிறப்பூச்சோ பூசத் தேவையில்லை. தலையை மொட்டையாக வெட்டும் வழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும், ஏனெனில் அப்படி வெட்டிய இடத்தில் கூட்டமாக எழும் கிளைகள் பலவீனமாகவே ஒட்டியிருந்து காற்றில் முதலில் முறிபவை.

2008இல் நிஷாவும் 2020இல் புரெவியும் வந்தபோது பெய்த மழையைக் கண்டவர்கள், நீர் ஊறிய மண்ணில் பெரிய மரம் எவ்வளவு எளிதாகச் சாயும் என்பதை அறிவார்கள். அதற்குப் பயந்து நல்ல மரத்தைத் தறிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய பதில், புரட்டாதியில் நடக்கும் பார்வையிடலோடு பழைய மரங்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான்: காய்ந்த கிளை, தண்டில் காளான், வேரடியில் புதிய மண்வெடிப்பு, ஒரு பக்கமாக அதிகரிக்கும் சாய்வு. இவற்றில் ஒன்று தென்பட்டால் கிராம உத்தியோகத்தருக்கும் மாநகர சபைக்கும் மின்கம்ப இலக்கத்தோடு எழுத்தில் அறிவிக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும் என்பதால், இவ்வாண்டிலிருந்து அந்தப் பார்வையிடலை ஆவணிக் கடைசிக்கு முற்படுத்தியிருக்கிறோம்.